மோட்டு, விலை ஒன்பதாயிரம்

ஒன்பதாயிரம். விற்பனைக்கு இல்லாத மீனுக்கு எங்கள் கடையில் அதுதான் விலை.

'இது விற்கிறதுக்கில்ல' என்று ஒரு வியாபாரி தன் வாயால் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால், வாங்க வந்தவருக்கு அந்த ஒரு மீன் மேலேயே ஆசை ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் அவர் கண்ணுக்குச் செத்த மீனாகிவிடும். எல்லாமே செத்த மீன்தான் என்பது வேறு விஷயம். அதனால் ஒரு விலை சொல்லிவிட வேண்டும், கேட்டவர் சிரித்துக்கொண்டே அடுத்த தட்டுக்கு நகர்கிற மாதிரி. என் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், இதில் கெட்டிக்காரர். வலது கையில் எப்போதும் கத்தி இருக்கும். இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரிப்பார், பிறகு கட்டைவிரலை மடக்கி நான்கு காட்டுவார். வாயைத் திறக்க மாட்டார். பேசினால் பேரம் ஆரம்பித்துவிடும்.

ஒரே ஒருமுறை அது பலிக்கவில்லை. கோட்டுப் போட்ட ஒரு ஆசாமி, பணத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் சந்தைக்குள் வந்தவர், அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, "ஒன்பதாயிரமா? சரி, கட்டுங்க" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அத்தானோ கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ஐந்து விரல் காட்டினார், மறுபடியும் ஐந்து காட்டினார். வந்தவர் சட்டைப்பைக்குள் கையை விடுவதற்குள் விலை பத்தாயிரமாகிவிட்டது. கோட்டுக்காரர் ஒரு நிமிடம் திகைத்து நின்று, பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, இரண்டு கிலோ இறால் வாங்கிக்கொண்டு போனார். இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் சொல்லாத விருந்து கிடையாது.

அந்த மீனுக்கு எங்களுக்குள் 'மோட்டு' என்று பெயர். விடிகாலையில் பெட்டியை உடைத்ததும், வந்ததில் நல்லதாக ஒன்றை எடுத்து ஈரச் சாக்குக்கு அடியில் வைத்துவிடுவார் அத்தான். அது வீட்டுக்கு. யாராவது சாக்கைத் தூக்கிப் பார்த்தால், "மோட்டு!" என்று ஒரு குரல் வரும், நான் ஓடிப்போய் அவர்களுக்கு வேறு மீனைக் காட்டி மயக்க வேண்டும். போகப் போக மீன் என்றில்லை, வீட்டுக்குப் போக வேண்டிய எதுவும் மோட்டு ஆயிற்று. மழை நாளில் குடை மோட்டு. அக்காவுக்கு வாங்கி வைத்த செருப்பு மோட்டு. கை வைக்காதே, இது வீட்டுக்கு என்று அர்த்தம்.

அந்தச் சொல் எங்களுடையது இல்லை. பிழைக்க வந்த சீமையில் கடையை எங்களுக்குக் கைமாற்றிவிட்டுப் போன ஆங்கிலேயக் கிழவரிடமிருந்து, தராசோடும் துருப்பிடித்த கொக்கிகளோடும் கூட வந்தது. அவரும் தினம் ஒரு மீனைச் சாக்குக்கு அடியில் வைப்பார். அதைத் தட்டிக்கொடுத்து ஏதோ சொல்வார். எங்கள் காதில் 'மோட்டு' என்று விழுந்தது. அர்த்தம் கேட்க எங்களுக்கு நேரமில்லை, சொல்ல அவருக்குப் பல்லில்லை.

கடையை விற்று ஆறேழு வருடம் ஆகிவிட்டது. கடையோடு சொல்லும் போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

அத்தானுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் மகள் வீட்டில், வெகு தூரத்தில் இருந்தேன். டிக்கெட் கிடைத்துக் கிளம்புவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. நடுவில் அக்கா மகன் போன் செய்தான். அவனைச் சின்ன வயதிலிருந்தே நாங்கள் 'வக்கீல்' என்றுதான் கூப்பிடுவோம், எதற்கெடுத்தாலும் வாதாடுவான். கடைசியில் பெயரைக் காப்பாற்ற வக்கீலாகவே ஆகிவிட்டான்.

"வலது கை, வலது கால் அசையல மாமா. பேச்சும் போயிடுச்சு. ஒரே ஒரு வார்த்தைதான் வருது."

"என்ன வார்த்தை?"

"சாகணும்னு சொல்றார் மாமா" என்றான்.

மேற்கொண்டு நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் நான்கு படுக்கை கொண்ட அறை. முழுதாக இழுக்க வராத திரைக்குப் பின்னால், ஜன்னலோரம் அத்தான். பாதி முகம் அவர் முகமாக இருந்தது. மறு பாதி யாரோ அவசரத்தில் தொங்கவிட்டுப் போனது மாதிரி இருந்தது. இடது கையில் ஊசி ஏறி, பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா, ஆஸ்பத்திரியின் சாம்பல் நிறப் போர்வையைத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, கையில் கிண்ணமும் ஸ்பூனுமாக.

"வந்துட்டியா? எளைச்சுட்டே" என்றாள்.

"நீயும்தான் அக்கா."

"பொய் சொல்லாதே. கவலையில ரெண்டு சுத்து பெருத்துட்டேன். இத பாரு, இவர் மோர் மோர்னு உயிரை விடறார். குடுத்தா துப்பறார்."

கிண்ணத்தில் இருந்தது மோர்தான், ஆனால் மோர் மாதிரி இல்லை. விழுங்கத் தெரியாதவர்களுக்குத் தண்ணியாகக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடுமாம். அதனால் ஒரு டப்பாவிலிருந்து பொடி போட்டுக் கலக்கி, சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி ஆக்கியிருந்தார்கள்.

"அத்தானுக்குத்தான் மோர்னாலே ஆகாதே" என்றேன்.

"இத்தனை வருஷம் பொங்கிப் போட்டவளுக்கு அது தெரியாதாடா? மூளையில அடிபட்டா ருசியும் மாறும்னு நர்ஸ் சொன்னாங்க. சரி, மனுஷன் கடைசியில திருந்திட்டார்னு நினைச்சேன்."

வக்கீல் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். முந்தாநாள் சட்டை, கண் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் சின்னப் பையனாகி, மறுபடியும் வக்கீலானான். "அம்மா, மாமாதான் வந்துட்டாரே. நீங்க வீட்டுக்குப் போய் கொஞ்சம் தூங்குங்க" என்று அக்காவின் முழங்கையைப் பிடித்து எழுப்பினான்.

படுக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "மோ… மோர்…"

"பார்த்தியா? மறுபடியும் கேக்கறார்" என்று அக்கா உட்கார்ந்து ஸ்பூனை நீட்டினாள். அத்தான் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். கதையைப் படிப்பவர்களுக்கு, கதைக்குள் மாட்டிக்கொண்டவர்களைவிட எப்போதும் மூளை அதிகம். எனக்கு அப்போது புரியவில்லை. பயணக் களைப்பு, அந்தத் தொங்கிய கன்னம், அதற்கு மேல் 'சாகணும்னு சொல்றார்' என்பது வேறு காதுக்குள் உட்கார்ந்துகொண்டு, வேறு எதையும் உள்ளே விடவில்லை.

வக்கீல் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனான். போகும்போதே அக்காவும் எழுந்து வந்துவிட்டாள். அவளை விட்டுவிட்டு யாரும் எதுவும் முடிவு செய்ய முடியாது. உள்ளே மறுபடியும் அந்தச் சத்தம்.

விஷயம் இதுதான். அத்தான் சாப்பாட்டைத் தொடவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஆகாரம் கொடுத்து, பயிற்சி கொடுத்தால் தேறலாம், மாதக்கணக்கில் ஆகும். வேண்டாம் என்றால், வலி தெரியாமல் வைத்துக்கொண்டு அவர் போக்கில் விட்டுவிடலாம். டாக்டரம்மா சாயங்காலம் வரும்போது பதில் சொல்ல வேண்டும். அதற்கான காகிதம் வக்கீலின் பையில் இருந்தது.

"அவர் மோர் கேக்கல மாமா. நான் வாய்கிட்ட காதை வெச்சுக் கேட்டேன். கடைசியில ஒரு 'ட்' இருக்கு. மோர்ட். பழைய பாஷையில அதுக்குச் சாவுன்னு அர்த்தம். எங்க சட்டத்துல நிறைய வரும். அடமானத்துக்கு மார்ட்கேஜ்னு சொல்றோமே, அதுல முதல் பாதிகூடச் சாவுதான்."

"தவணை கட்டறவனுக்கு அது அகராதி பார்க்காமலே தெரியும்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "தாத்தா குழாயோட கிடந்தப்போ அப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டு, என்னை இப்படிப் போட்டு வெச்சிடாதேடான்னு சொன்னார் மாமா. அவர் என்கிட்ட வேற எதுவுமே கேட்டதில்ல."

"அதுக்காக? ஒரு 'ட்'டுக்காக ஒரு மனுஷனைக் கொல்லுவியாடா?" என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் மட்டும் ஆசைப்பட்டா சொல்றேன்? அவர் கேக்கறதை நான் கேக்கலைன்னா வேற யாரும்மா கேப்பா?"

இரண்டு பேருக்கும் நடுவே நான். இரண்டு பேரும் சொல்வது சரி. வியாபாரத்தில் இப்படிச் சிக்கிக்கொண்டால் சரக்கை மறுபடியும் தராசில் வைப்பதுதான் வழக்கம்.

"மாப்ளே, அந்த வார்த்தைக்கு வேற அர்த்தமே கிடையாதா? ஒரே விலைக்கு எந்தச் சரக்கும் எல்லா நாளும் போகாது. நல்லா பாரு."

வக்கீல் போனை எடுத்தான். எங்கோ இருக்கிற பெரிய அகராதி ஒன்றைத் தேடிப் பிடித்து, உதட்டை அசைத்துப் படித்தான். "சாவு. முதல்ல அதுதான். அப்புறம்… வேட்டையில மான் விழுந்ததும் கொம்பு ஊதுவாங்களாம், அந்தச் சத்தம். அப்புறம், எக்கச்சக்கம். ஒரு பொருள் ஏராளமா இருந்தா அப்படிச் சொல்வாங்க. அப்புறம், பெண். அது திருடங்க பாஷையாம்."

"அவர் எதுக்குடா திருடங்க பாஷையில பேசப்போறார்?"

"மீன் வியாபாரம் பண்ணவர் அக்கா. அப்படி ஒண்ணும் ரொம்ப தூரமில்ல."

"இன்னொண்ணு இருக்கு. ரொம்பப் பழைய வழக்காம், இப்போ யாரும் சொல்றதில்ல" என்று வக்கீல் போன் திரையை மேலே தள்ளினான். "சால்மன் மீன். மூணாவது வருஷத்துல இருக்கற சால்மன்."

என் கண் முன்னால் அந்த ஈரச் சாக்கு வந்தது.

பல்லில்லாத அந்தக் கிழவர், பாவம், மீனின் வயதைச் சொல்லியிருக்கிறார். மூன்று வயது சால்மன் என்றால் அவருக்கு உயிர்; தினம் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு, அதன் பெயரைச் சொல்லித் தட்டிக்கொடுத்திருக்கிறார். அவர் வைத்தது என்ன மீன் என்று நாங்கள் பார்க்கவில்லை. சாக்கைத்தான் பார்த்தோம். மத்தியை எடுத்து வைத்தாலும் மோட்டு, குடையை எடுத்து வைத்தாலும் மோட்டு என்று ஒரு ஆயுசு முழுக்கத் தப்பாகவே சொல்லியிருக்கிறோம்.

"மாப்ளே, அது மோட்டுடா!"

வக்கீல் திரும்பினான். பள்ளிக்கூடம் விட்டதும் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன் அவன். அவன் முகத்தில் அந்தச் சொல் மெதுவாக ஏறுவதைப் பார்த்தேன். ஆனாலும் வக்கீல் வக்கீல்தான். "அப்படியே இருந்தாலும், எதைச் சொல்றார்? அங்கே மீனே இல்லையே?" என்றான்.

"எப்பெப்போ சொல்றார், யோசிச்சுப் பாரு. சாக்கை யாராவது தூக்கினாத்தான் சொல்வார். இப்போ நீ அம்மாவை எழுப்பினே, சொன்னார். நாம வெளியே வந்தோம், சொன்னார்."

மூவரும் உள்ளே போனோம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்லாமல் அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"மோர்ட்!" தடித்துப்போன நாக்கில் 'மோட்டு' அப்படித்தான் வருகிறது; இந்தத் தடவை 'ட்' கணீரென்று விழுந்தது.

கையை விட்டேன். நிறுத்திவிட்டார். பிடித்தேன். "மோர்ட்!"

"என்னடா, என்னை வெச்சு என்ன வெளையாட்டு?" என்றாள் அக்கா.

"கொஞ்சம் சும்மா இரு அக்கா. நீ இப்போ சரக்கு."

நான் படுக்கையின் கால்மாட்டில் போய் நின்றேன். தோளைக் கொஞ்சம் நிமிர்த்தி, குரலில் கோட்டுக்காரரின் மிடுக்கை வரவழைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, அந்தச் சாம்பல் கலர் சாக்குக்கு அடியில இருக்கே, அது என்ன விலை?" என்றேன்.

"யாரைடா சாக்குங்கறே?"

அத்தானின் கண் கூரையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தது. இடது கை மெத்தையிலிருந்து எழுந்தது. ஊசிக்குழாய் ஆடியது. ஐந்து விரல். பிறகு கட்டைவிரல் மடங்கியது. நான்கு.

வக்கீல் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"ஒன்பதாயிரமா? பகல் கொள்ளையா இருக்கே. ஐயாயிரம் தர்றேன்."

ஐந்து. நான்கு.

"ஆறு. அதுக்கு மேல பைசா கிடையாது."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். கடையில் அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களுக்கு அவர் செய்கிற மரியாதை அது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆள் உள்ளே இருக்கிறார் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் விரல் காட்டுவது கைப்பழக்கமாகக்கூட இருக்கலாம். வீட்டுக் கடிகாரம் மணியடிப்பது மாதிரி. எனக்கு வேண்டியது கடிகாரம் இல்லை, அத்தான். அதனால் வாயை நனைத்துக்கொண்டு சொன்னேன்:

"சரி. ஒன்பதாயிரம். கட்டுங்க."

கை மெத்தை மேலேயே கிடந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் இருமினார். யாரோ சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இது நடக்காமல் போனால் அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நான் யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

கை எழுந்தது. ஐந்து.

கொஞ்சம் இளைப்பாறியது.

ஐந்து.

வக்கீலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு, என்னவோ ஒரு சத்தமாக வெளியே வந்தது. அத்தானின் பாதி வாய் மேலே ஏறியது. மறு பாதி வராவிட்டாலும் அது முழுச் சிரிப்புதான்.

அந்தச் சொல் கடையைத் தாண்டி வீட்டுக்கு வந்ததேயில்லை; அக்காவுக்கு நான் அதன் அர்த்தத்தைச் சொன்னேன். கை வைக்காதே, இது வீட்டுக்கு. அவள் போர்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள். முடித்ததும், "பத்தாயிரம்தானா? இத்தனை வருஷத்துல ஏறினது ஆயிரமாடா?" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தக் கிண்ணத்தை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டினாள்.

வக்கீல் மட்டும் இன்னும் ஒரு கேள்வியைக் கையில் வைத்திருந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, அப்பாவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தான். "அப்பா, நான் கேக்கறது புரியுதா? மூக்குல குழாய் விடணும்கறாங்க. கொஞ்ச மாசம். அப்புறம் எடுத்துடுவாங்க. தாத்தா கிடந்த மாதிரி இல்ல, ஆனா கஷ்டமாத்தான் இருக்கும். நீங்க வேண்டாம்னா வேண்டாம். இப்பவே எழுதிக் குடுத்துடறேன். நான் உங்க பக்கம்."

அத்தான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் அக்காவின் போர்வையைத் தொட்டார். அதே கையை ரொம்ப மெதுவாக இழுத்துவந்து தன் நெஞ்சின் மேல் வைத்தார்.

"மோர்ட்" என்றார்.

இதுவும் வீட்டுக்கு.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தபோது, "பேச்சு வரலை டாக்டர். ஆனா பேரம் பேசறார்" என்றான் வக்கீல். அவர் நம்பாமல், தன் விரலைக் காட்டி இது எத்தனை, அது எத்தனை என்று கேட்டார். அத்தான் ஜன்னலைப் பார்த்தார். "விலை கேளுங்க டாக்டர்" என்றேன். டாக்டரம்மா தயங்கி, தன் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைத் தூக்கிக் காட்டி, "இதுக்கு என்ன தருவீங்க?" என்றார். அத்தான் அதை மேலும் கீழும் பார்த்தார். ஒரு விரல் காட்டினார். கொஞ்சம் யோசித்து, அதையும் பாதியாக மடக்கினார். டாக்டரம்மா சிரித்தது பக்கத்து அறை வரைக்கும் கேட்டிருக்கும். குழாய்க்கு அன்றைக்கே எழுதினார்.

குழாயோடு இருந்த நாட்கள் நல்ல நாட்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு தடவை அவரே பிடுங்கிப் போட்டார். விழுங்கப் பழக்கியது மோரில் இல்லை, மீன் வேகவைத்த சாற்றில். முதல் வாய் உள்ளே போனதும் அக்கா ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் குழாய் போய், ஆள் வீட்டுக்கு வந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சந்தையில் பழக்கமான இரண்டு சுமைக்காரர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். "ஐஸ் பெட்டியே பரவாயில்ல முதலாளி, அது வழியில அதிகாரம் பண்ணாது" என்றான் ஒருவன். அத்தான் மேலே இருந்துகொண்டு இடது கையால் வளைவுகளைக் காட்டிக்கொண்டே வந்தார்.

இப்போது அவருக்குப் பத்துப் பதினைந்து சொல் வருகிறது. 'இல்ல' நன்றாக வருகிறது. வக்கீலின் பெயர் பாதி வருகிறது. அக்கா காய்கறி வாங்கப் பையை எடுத்தால் இன்னும் "மோர்ட்"தான். அவளும் வாசலில் நின்று, "சாக்கு இதோ வந்துடும்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குகிறாள்.

கடை வழக்கப்படி கணக்கை எழுதி முடிக்கிறேன். சரக்கு ஒரு சொல். கிழவரிடம் வாங்கியது, அன்றைக்குக் காசு எதுவும் கேட்கவில்லை. அதில் மீன் என்ற அர்த்தம் கிழவருக்கே சேரும், திருப்பிவிட்டோம். கொம்புச் சத்தத்தைக் கேட்டு யாரும் வரவில்லை, கழிவு. சாவை வக்கீல் எடுத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டான். எல்லோரும் ஒருநாள் எடுக்க வேண்டியதுதான், அவசரமில்லை. பெண் அக்காவுக்கு. மோர் அகராதியில் இல்லாதது, அக்கா தன் கையிலிருந்து போட்டது, தொட்டியில் கொட்டியாயிற்று. ஏராளம் என்பதை இன்னும் யார் பெயரிலும் எழுதவில்லை. அந்த வீட்டில் அது எல்லா மூலையிலும் கிடக்கிறது.

என் கணக்கில் ஒன்று நிற்கிறது. சாம்பல் சாக்குக்கு அடியில் இருந்த, ஒன்பதாயிரத்துக்குப் பேசி முடித்த சரக்கு. நான் ஒப்புக்கொண்ட பிறகு அத்தான் விலையை ஏற்றினார், பக்கத்துப் படுக்கைக்காரரையும் சேர்த்து மூன்று சாட்சி உண்டு. சரக்கு இன்றுவரை கைக்கு வரவில்லை. பாக்கி.